ஆர்எஃப்சி ஆவண வடிவம்

இணையத்தின் இயக்க விதிகளைச் சொல்லும் ஆவண வரிசைக்கு ஆர்எஃப்சி என்று பெயர். ‘ரிக்வெஸ்ட் ஃபார் காமென்ட்ஸ்’, அதாவது ‘கருத்துச் சொல்லுங்கள்’ என்பதன் சுருக்கம் அது. 1969-இல் தொடங்கிய வரிசையில் இன்று ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட எண்கள் உள்ளன. மின்னஞ்சல் போய்ச் சேர்வதும் வலைப்பக்கம் வந்து சேர்வதும் இவற்றுள் ஏதோ சில எண்களின் கீழ் எழுதப்பட்ட இலக்கணத்தின்படிதான். அந்த ஆவணங்களை எந்தக் கருவியால் எழுதினார்கள், எப்படிப் பக்கம் கட்டினார்கள் என்பதே இங்கே பொருள்.

முதல் ஆவணம் 1969 ஏப்ரல் 7 என்ற தேதியிட்டது. எழுதியவர் லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆய்வு மாணவர் ஸ்டீவ் கிராக்கர். தங்கியிருந்த வீட்டில் மற்றவர்கள் தூக்கம் கெடக் கூடாதென்று இரவில் குளியலறையில் உட்கார்ந்து எழுதியதாகப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். மாணவர்கள் விதி வகுக்கக் கிளம்பிவிட்டார்கள் என்று பெரியவர்கள் நினைத்துவிடக் கூடாதே என்ற தயக்கத்தில்தான் தலைப்பு இவ்வளவு பணிவாக அமைந்தது. அதே மாதம் வந்த 3-ஆம் எண், ஒரு குறிப்பு ஒரே வாக்கியமாக இருந்தாலும் போதும் என்றது. வடிவம் என்று பேச அன்று ஒன்றுமில்லை: தட்டச்சு, கையால் வரைந்த படம், நகல், தபால். 14, 26 போன்ற சில எண்கள் ஒதுக்கப்பட்டும் ஆவணம் வெளிவரவில்லை. பழைய தாள்கள் பலவற்றைப் பின்னாளில் தன்னார்வலர்கள் மறுபடி தட்டச்சு செய்து கணினியில் ஏற்றினார்கள். ஆகவே, இன்று கோப்பாகக் கிடைப்பதை எல்லா இடத்திலும் மூலத்தின் நேர்ப்படி என்று கொள்வதற்கில்லை.

எழுத்தோடு கட்டளையையும் சேர்த்து எழுதும் மார்க்அப் வழக்கம் ஆர்எஃப்சியைவிட மூத்தது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜெரோம் சால்ட்சர் 1964-இல் எழுதிய ‘ரன்ஆஃப்’ நிரலில், வரியின் முதல் எழுத்து புள்ளியாக இருந்தால் அது அச்சாகாது. கட்டளை என்று கொள்ளப்படும். அதன் வழித்தோன்றல் ‘ராஃப்’. பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸ் உருவாக்கியவர்கள், காப்புரிமைப் பிரிவுக்கு ஆவணம் தயாரிக்க உதவும் என்று சொல்லித்தான் தங்களுக்கொரு பிடிபி-11 கணினியைப் பெற்றார்கள். சொன்னபடியே அந்தப் பிரிவின் தட்டச்சர்கள் யூனிக்ஸின் முதல் பயனர்கள் ஆனார்கள். அங்கே ஜோ ஒசான்னா எழுதிய ‘என்ராஃப்’தான் பின்னர் ஆர்எஃப்சியின் பணிப்பட்டறையில் நெடுங்காலம் நிலைத்தது. புள்ளி வைத்து ‘சி’, ‘இ’ என்று இரண்டெழுத்து தட்டினால் அடுத்த வரி நடுவில் அமரும்; ‘எஸ்’, ‘பி’ என்றால் ஒரு வரி இடைவெளி.

வரிசையின் பதிப்பாசிரியராக நெடுங்காலம் இருந்தவர் ஜான் போஸ்டல். 1970-களின் தொடக்கத்திலிருந்து 1998 அக்டோபர் 16-இல் மறையும் வரை அவர் அந்தப் பணியில் இருந்தார். தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவனத்தில் ஜாய்ஸ் ரெனால்ட்ஸ் அவரோடு உழைத்தார். இருவரும் எழுதிய, 1997-இல் வெளியான 2223-ஆம் எண், ஆசிரியர்களுக்கான கையேடு. ஒரு வரிக்கு 72 எழுத்து, ஒரு பக்கத்துக்கு 58 வரி, அதன்பின் தாளைத் தள்ளும் ‘ஃபார்ம் ஃபீட்’ குறி. ஆங்கில எழுத்து, எண், சில குறிகள் அடங்கிய ஆஸ்கித் தொகுதி மட்டும். ஒன்றின்மேல் ஒன்றாக அடித்து அடிக்கோடு போடுவது கூடாது. கையேட்டில் என்ராஃப் மாதிரி ஒன்றும் உண்டு. அதில் பக்க அடியில் ‘ஃபார்ம்ஃபீட்’ என்ற சொல்லையே எழுதி வைப்பார்கள். கடைசியில் ஒரு சிறு நிரல் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு உண்மையான குறியை வைக்கும். தையலுக்கு முன் ஓட்டு போட்டு, பிறகு நூலை உருவுவது போன்ற வேலை.

இந்தக் கட்டுப்பாட்டுக்குள் படம் எப்படி வரைவது? 1981 செப்டம்பரில் வந்த 791-ஆம் எண், ஐபி நெறிமுறையின் தலைப்பகுதியைக் கூட்டல் குறி, கழித்தல் குறி, செங்குத்துக் கோடு ஆகியவற்றாலேயே கட்டமாக வரைந்தது. ஒரு வரிசைக்கு 32 பிட். ஒரு பிட்டுக்கு இரண்டு எழுத்து இடம், கடைசியில் மூடும் கோடு ஒன்று: ஆக 65. 72-க்குள் அடங்கிவிடும். நான்கு பிட் கொண்ட கட்டத்தின் உள்ளே ஏழெழுத்து இடம் இருக்கும்; ‘வெர்ஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குச் சரியாக ஏழு எழுத்து. எட்டு பிட் கட்டத்தில் பதினைந்து இடம்; ‘டைப் ஆஃப் சர்வீஸ்’ இடைவெளிகளோடு சரியாகப் பதினைந்து. இரண்டும் கோட்டோடு கோடு ஒட்டி, நூலிழை இடம் மிஞ்சாமல் உட்கார்ந்திருக்கின்றன. திட்டமிட்டதா தற்செயலா என்பது ஒருபுறமிருக்க, நெறிமுறை வகுப்போர் இந்தப் பாணிப் படத்தை இன்னும் விடவில்லை.

தடித்த எழுத்து இல்லாத குறையை ஆங்கிலத்தின் பெரிய எழுத்து தீர்த்தது. ‘மஸ்ட்’, ‘ஷுட்’, ‘மே’ போன்ற சொற்கள் பெரிய எழுத்தில் வந்தால் எவ்வளவு கட்டாயம் என்பதை ஸ்காட் பிராட்னரின் 2119-ஆம் எண் (1997) வரையறுத்தது. சிறிய எழுத்தில் வந்தால் என்ன பொருள் என்ற வழக்கு இருபது ஆண்டு நீடித்தது. பெரிய எழுத்துக்கு மட்டுமே சிறப்புப் பொருள் என்று 8174-ஆம் எண் 2017-இல் தீர்த்து வைத்தது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதமே இல்லாத தமிழில் இதை மொழிபெயர்ப்பவர் வேறு வழிதான் தேட வேண்டும்.

வெறும் எழுத்துக் கோப்பு என்ற பிடிவாதம் சரியா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. எந்த முனையத்திலும் திறக்கும், எந்த நிறுவனத்தின் மென்பொருளையும் நம்பியிராது, ஐம்பதாண்டு கழித்தும் படிக்கலாம் என்பது ஒரு தரப்பு. சமன்பாடு எழுத முடியாது, ஆசிரியரின் பெயரைக்கூட அவர் எழுதுவதுபோல் அச்சிட முடியாது, சிறிய திரையில் வரி உடையும் என்பது மறுதரப்பு. விதிவிலக்கும் இருந்தது. கணினிக் கடிகாரங்களை ஒத்திசைக்கும் நெறிமுறையின் இரண்டாம் பதிப்பை டேவிட் மில்ஸ் 1989-இல் 1119-ஆம் எண்ணாக எழுதியபோது, அதிலிருந்த கணிதத்தின் பொருட்டு அது போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற அச்சுப்பக்க வடிவில் வந்தது.

1998 பிப்ரவரியில் எக்ஸ்எம்எல் என்ற மார்க்அப் மொழியின் முதல் பதிப்பு வெளியானது. அடுத்த ஆண்டு ஜூனில் மார்ஷல் ரோஸ் எழுதிய 2629-ஆம் எண், ஆர்எஃப்சிகளை எக்ஸ்எம்எல்லில் எழுதும் முறையைச் சொன்னது. என்ராஃப் ‘இந்த வரியை நடுவில் வை’ என்றது. எக்ஸ்எம்எல் ‘இது தலைப்பு, இது பத்தி, இது மேற்கோள் நூல்’ என்றது. எங்கே வைப்பது என்பதை ‘எக்ஸ்எம்எல்2ஆர்எஃப்சி’ என்ற நிரல் பார்த்துக்கொண்டது. முதலில் டிசிஎல் மொழியில் இருந்த அந்த நிரல், பிறகு பைத்தானில் புதிதாக எழுதப்பட்டது. ஆசிரியர்களுக்குப் பெரிய விடுதலை பக்க எண்ணும் நூல் பட்டியலும்தான். ஒரு எண்ணைச் சுட்டினால் போதும். ஆசிரியர், தலைப்பு, மாதம் எல்லாம் தானாக வந்து அமரும். ஆனால், ஆசிரியர் எக்ஸ்எம்எல்லில் கொடுத்தாலும் பதிப்பகத்தில் அதை என்ராஃபாக மாற்றித்தான் கடைசித் திருத்தம் செய்தார்கள். அச்சான எழுத்துக் கோப்பே மூலம். மார்க்அப், கட்டடம் எழும்பியதும் பிரித்துவிடும் சாரம் போன்றது. வெளியான ஆர்எஃப்சியைத் திருத்துவதில்லை, பிழை இருந்தால் தனிப் பட்டியலில் சேர்ப்பார்கள் அல்லது புது எண் போடுவார்கள் என்பதால், எது மூலம் என்ற கேள்வி இங்கே வெறும் தத்துவமல்ல.

அந்த நிலை மாற 2016 வரை ஆயிற்று. அவ்வாண்டு டிசம்பரில், அப்போதைய பதிப்பாசிரியர் ஹெதர் ஃபிளானகன் எழுதிய 7990-ஆம் எண்ணும் அதன் துணை ஆவணங்களும் எக்ஸ்எம்எல்லையே மூலமாக்கின. வலைப்பக்கம், பிடிஎஃப், எழுத்துக் கோப்பு மூன்றும் அதிலிருந்து பிறப்பவை. நடைமுறைக்கு வந்தது 2019 இறுதியில். புது முறையில் முதலாவது எது என்பது எண்ணைப் பார்த்தால் 8650, மாதத்தைப் பார்த்தால் 8651. துணை ஆவணங்களுள் ஒன்றான 7997, ஆசிரியர் பெயரை அவரவர் எழுத்தில் அச்சிட அனுமதித்தது, பக்கத்தில் லத்தீன் வடிவமும் இருந்தால். தமிழ்ப் பெயருக்கு ஒரு சிறு சிக்கல் மிச்சம். முகப்பில் முன்னெழுத்தும் குடும்பப் பெயரும் அச்சாகும். நம் வழக்கில் முன்னெழுத்து தந்தையுடையது, பின்னால் வருவதே சொந்தப் பெயர். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருப்பதால் குழப்பம் வெளியே தெரிவதில்லை.

கோண அடைப்புக்குறிகளைக் கையால் தட்ட எல்லோரும் விரும்பவில்லை. 2004-இல் ஜான் குரூபர் வெளியிட்ட மார்க்டவுன் என்ற எளிய மார்க்அப் முறையில் எழுதி எக்ஸ்எம்எல்லாக மாற்றிக்கொள்ளும் வழி பரவியது. கார்ஸ்டன் போர்மனின் ‘கிராம்டவுன்-ஆர்எஃப்சி’, மீக் ஹீபனின் ‘எம்மார்க்’ இரண்டும் அவ்வகை. 2021 மே மாதம் 9000-ஆம் எண்ணாக வந்த குயிக் நெறிமுறையின் வரைவுகள் மார்க்டவுனில் எழுதப்பட்டவை.

பிற அமைப்புகளின் வழி வேறு: வலைத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சியின் ஆவணங்களுக்கு ரெஸ்பெக், பைக்‌ஷெட் ஆகிய கருவிகள்; தரநிலைகளை வெளியிடும் நிறுவனங்களுக்கு 2017-இல் ஏற்கப்பட்ட நிசோ எஸ்டிஎஸ் என்ற எக்ஸ்எம்எல் வகை.

2025-இல் 7990-இன் இடத்துக்கு 9720-ஆம் எண் வந்தது. வெளியிட்ட கோப்புகளைத் தேவைப்பட்டால் புது நிரலால் மறுபடி உருவாக்கிக்கொள்ள அது வழி விட்டது. எழுத்துக் கோப்பு இன்றும் வெளியாகிறது. அதில் வரி 72 எழுத்தைத் தாண்டுவதில்லை. பக்கப் பிரிப்பும் பக்க எண்ணும் மட்டும் 2019-உடன் நின்றுவிட்டன.