வாராக்காலமும் உயிலும்

புரட்டாசி பிறந்தால் புதூர்ப் பக்கம் கரிசலில் புழுதி விதைப்பு. மழைக்கு முந்தியே உளுந்தையும் பாசியையும் காய்ந்த மண்ணில் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்திருப்பார்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஊர் வெள்ளாமையைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் எழுதச் சொன்னேன். பாதிப் பேர் ‘வீ வில் ஸோ’ என்று தொடங்கியிருந்தார்கள். ‘புரட்டாசியில உளுந்து விதைப்போம் சார்’ என்பதைத்தான் அப்படி எழுதியிருந்தார்கள். வருசா வருசம் நடக்கிற வேலைக்கு ஆங்கிலத்தில் ‘வில்’ வேண்டாம். ‘வீ ஸோ’ போதும். சிவப்பு மையால் அடிக்கப் போன கை நின்றுவிட்டது. ‘விதைப்போம்’ எதிர்காலம், எதிர்காலத்துக்கு ‘வில்’ போடு என்று முந்தின வாரம் சொல்லிக் கொடுத்தவன் நான்தானே?

தவறு அந்தப் பெயரில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. அன்றிலிருந்து ‘எதிர்காலம்’ என்ற சொல்லின் பின்னாலேயே போய்க்கொண்டிருக்கிறேன்.

தொல்காப்பியர் மூன்று காலங்களையும் இறப்பு, நிகழ்வு, எதிர்வு என்கிறார். இறத்தல் என்றால் அங்கே கடந்துபோதல். எதிர் என்றால் முகத்துக்கு நேரே; எதிர்வீடு, எதிர்கொள்வது, எதிர்பார்ப்பது எல்லாம் அந்த வேரில் முளைத்தவை. ஆக, நாம் நிற்கிறோம், காலம் நம்மை நோக்கி நடந்து வருகிறது. அப்படியானால் செத்துப்போனவர்களை ஏன் முன்னோர் என்கிறோம், நாளைய காரியத்தை ஏன் ‘பின்னாடி பாத்துக்கலாம்’ என்கிறோம்? இது வெகுநாள் என்னைக் குழப்பியது. பருத்தி ஏற்றிய வண்டிகள் வரிசையாக எதிரே வருவதை நினைத்துப் பார்த்தால் முடிச்சு அவிழ்கிறது. முன்னால் வந்த வண்டி நம்மைக் கடந்துவிட்டது. பின்னால் வருகிற வண்டி இன்னும் எதிரே இருக்கிறது. முன்னும் பின்னும் வண்டிகளின் வரிசை, எதிர் என்பது நம் முகம்.

எதிர்வுக்கு இன்னொரு பெயரும் தொல்காப்பியத்தில் உண்டு: வாராக்காலம். இன்னும் வந்து சேராத காலம். எதிர்காலத்தைவிட எனக்கு இது நெருக்கமான சொல்லாகப் படுகிறது. விரைவைக் காட்ட வேண்டுமானால் வாராக்காலத்துச் செயலையும் இறந்தகாலத்தால் சொல்லலாம் என்று அவர் விதி வகுத்தது அந்தச் சொல்லை வைத்துத்தான். எங்கள் பிள்ளைகள் அந்த விதியைப் படித்ததில்லை. ஆனால் விளையாடுகிற இடத்திலிருந்து கூப்பிட்டால், ஒரு அடி எடுத்து வைக்காமலே ‘இந்தா வந்துட்டேன்’ என்கிறார்கள்.

சிக்கல் எதிர்காலம் என்ற பெயரை ஒரு வினைவடிவத்துக்குச் சூட்டியதில் இருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் பகர, வகர இடைநிலைகளை எதிர்காலத்துக்கு உரியவை என்று வகுத்தார். பாடநூல்களும் அப்படியே சொல்லி வருகின்றன. ஆனால் அந்தப் ‘ப்’பும் ‘வ்’வும் செய்கிற வேலை அந்தப் பெயருக்குள் அடங்குவதில்லை. ‘தாத்தா விடியக்காலம் டீ குடிப்பார்’ என்றால் நேற்றும் குடித்தார், நாளையும் குடிப்பார். மூன்று காலத்திலும் மாறாத இயல்பைச் ‘செய்யும்’ என்ற வடிவத்தால் சொல்ல வேண்டும் என்பது தொல்காப்பிய விதி. மலை நிற்பதையும் தீ சுடுவதையும் உரைகாரர்கள் அதற்குக் காட்டினார்கள். நம் பழைய திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல், 1856-இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில், திராவிட மொழிகளின் எதிர்காலம் வரையறை தளர்ந்தது, வழக்கமாக நடப்பதையும் அதுவே குறிக்கும் என்று எழுதினார். கரிசலில் வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகளும் நிறைய. அவர்களுடைய ‘வஸ்தானு’வுக்கும் வருவேன், வழக்கமாக வருகிறேன் என்று இரண்டு பொருளும் உண்டு. ஆக எந்த வீட்டிலிருந்து வந்தாலும் பிள்ளை அதே வாக்கியத்தைத்தான் எழுதும்.

இனி ஆங்கிலத்தின் பக்கம் போவோம். பழைய ஆங்கிலத்தில் எதிர்காலத்துக்கென்று தனி வினைவடிவம் கிடையாது; நிகழ்காலமே அதையும் சுமந்தது. பிறகு இரண்டு சொற்கள் அந்த வேலைக்கு வந்தன. ஒன்று ‘ஷல்’. அதன் பழம்பொருள் கடன்பட்டிருத்தல். நம் பழைய பத்திரங்களில் வரும் ‘செலுத்தக் கடவேன்’ என்பதும் கடன், கடமை என்பனவும் ஒரே குடும்பம். கடன்பட்டவனின் பேச்சு வரப்போவதைச் சொல்லும் பேச்சாக மாறியது இரண்டு மொழியிலும் நடந்திருக்கிறது. மற்றது ‘வில்’. அதன் பழம்பொருள் விரும்புதல். தன்மைக்கு ‘ஷல்’, மற்ற இடங்களுக்கு ‘வில்’ என்ற பங்கீட்டை ஜான் வாலிஸ் 1653-இல் தம் இலக்கணத்தில் எழுதிவைத்தார். ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகம் படித்த நம் பெரியவர்கள் அதை மனப்பாடம் செய்தார்கள். இன்றைக்குப் பிள்ளைகளுக்கு ‘வில்’ ஒன்றே போதும்.

அந்த ‘வில்’ நமக்குப் புதிதே அல்ல. சாகுமுன் ஒருவர் தம் விருப்பத்தை எழுதிவைக்கும் பத்திரத்துக்கும் ஆங்கிலத்தில் அதுதான் பெயர். தமிழ் நாவில் அது உயில் ஆயிற்று. பத்து ஏக்கர் புஞ்சை உள்ள எந்த வீட்டிலும் தெரிந்த சொல். மறுநாள் வகுப்பில் அதையே பிடித்துக்கொண்டேன். ‘உயில்னா என்ன?’ என்றேன். ‘தாத்தா எனக்கு இதைக் குடுக்கணும்னு ஆசைப்பட்டு எழுதி வைக்கிறது சார்’ என்றாள் ஒருத்தி. அந்த ஆசைதான் ‘வில்’ என்றேன்.

இப்போது சூத்திரத்திலிருந்து தொடங்குவதில்லை. வாக்கியத்துக்குள் ‘நாளைக்கு’ போட்டுப் பார், பொருந்தினால் ‘வில்’. ‘வருசா வருசம்’ பொருந்தினால் ‘வில்’ வேண்டாம் என்கிறேன். இது முழு விதி ஆகாது. எண்ணெய் தண்ணீரில் மிதக்கும் என்பது போன்ற இயல்புக்கு ஆங்கிலமும் சில சமயம் ‘வில்’ போடுகிறது. ஐந்தாம் வகுப்புக்கு அது இப்போதைக்குத் தேவையில்லை.

ஐப்பசியில் ‘மழை பெய்யும்’ என்பதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னேன். சிலர் ‘இட் ரெயின்ஸ்’, சிலர் ‘இட் வில் ரெயின்’. இரண்டையும் சரி என்று போட்டேன். பிறகு ஒவ்வொருவரையும் எழுப்பி எந்த மழையை நினைத்து எழுதினாய் என்று கேட்டேன். கடைசிப் பெஞ்சுப் பையன் ‘எங்க அப்பா விதைச்சுட்டாக சார், அந்த மழை’ என்றான். அவன் எழுதியிருந்தது ‘வில்’.