முதுகெலும்பைக் காக்கும் எண்ணெய்க் குழாய்: ஷாக் அப்சார்பர் பிறந்த கதை

கம்பம், கூடலூர், தேவாரம், போடி வட்டாரங்களில் பொழுது விடியும் முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடுகின்றன. கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு ஆளேற்றிக்கொண்டு குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக அவை மலையேறும். பின்பக்கம் எதிரெதிர் சீட்டில் நெருக்கி உட்கார்ந்திருப்பவர்களில் பலர் பெண்கள். தார்ச்சாலை முடிந்து தோட்டத்துக் கல்பாதை தொடங்கியதும் அவர்களுடைய முதுகெலும்பைக் காப்பாற்றுவது பின் ஆக்ஸிலில் மாட்டியிருக்கும் இரண்டு எண்ணெய்க் குழாய்கள்தாம். ஷாக் அப்சார்பர் என்னும் அந்தக் குழாய் இன்றைய வடிவுக்கு வர ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆனது.

முதலில் வந்தது ஸ்பிரிங் பட்டை. 1804இல் இங்கிலாந்தின் ஒபதையா எலியட் குதிரை வண்டிக்கு வளைந்த இரும்புப் பட்டைகளை அடுக்கிப் பூட்டக் காப்புரிமை பெற்றார். நம்மூர் வில்வண்டியும் அந்த வகைப் பட்டைகளின் மேல்தான் ஓடியது. மாட்டின் வேகத்துக்கு அதுவே போதும். பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதிலேயே ஆட்டம் அடங்கிவிடும். மோட்டார் வண்டி வந்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. ஸ்பிரிங் அடியை வாங்கிக்கொள்ளும். ஆனால் வாங்கியதை அப்படியே திருப்பித் தரும். வேகத்தில் போகும் வண்டி ஒரு மேட்டில் ஏறி இறங்கினால் அதன்பிறகும் குதித்துக்கொண்டே இருக்கும். துள்ளும் குதிரைக்குக் கடிவாளம் போல, ஸ்பிரிங்கை அடக்க ஒன்று தேவைப்பட்டது.

அதை முதலில் செய்து காட்டியவர் பிரான்சின் ட்ரூஃபோ. 1898ஐ ஒட்டி ஒரு பந்தய சைக்கிளின் முன் ஃபோர்க்கில் ஸ்பிரிங்கோடு உராய்வுக் கருவி ஒன்றைப் பொருத்தினார். அமெரிக்கரான எட்வர்ட் ஹார்ட்ஃபோர்ட் அதைப் பார்த்துவிட்டுக் காருக்குக் கொண்டுவந்தார். 'ட்ரூஃபோ–ஹார்ட்ஃபோர்ட்' என்ற பெயரில் அது விற்பனைக்கும் வந்தது. ஆனால் உராய்வுக்கு ஒரு குறை உண்டு: சின்னக் குலுக்கலையும் பெரிய அடியையும் அது ஒரே பலத்தில்தான் எதிர்க்கும். சின்னப் பள்ளத்தில் முரடாகவும் பெரிய பள்ளத்தில் பலவீனமாகவும் இருந்தது.

இதற்கு விடை எண்ணெயில் கிடைத்தது. சிறு துளை வழியே எண்ணெயை மெதுவாகத் தள்ளினால் எளிதில் போகும். வேகமாகத் தள்ளினால் கடுமையாக எதிர்க்கும். அடி எவ்வளவோ அவ்வளவு எதிர்ப்பு. 1908ஐ ஒட்டி பிரான்சின் மொரீஸ் ஊதாய் இந்தத் தத்துவத்தில் ஒரு கருவி செய்தார். 1928இல் சாலைகளில் பரவிய ஃபோர்டின் 'மாடல் ஏ' காரில் அவருடைய பெயர் தாங்கிய ஷாக்குகள்தாம் இருந்தன. பின்னர் குழாய்க்குள் பிஸ்டன் நேராக ஏறி இறங்கும் எளிய வடிவம் வந்தது. 1941 முதல் இரண்டாம் உலகப் போருக்காக ஆயிரக்கணக்கில் தயாரிக்கப்பட்ட வில்லிஸ் ஜீப், ஸ்பிரிங் பட்டையோடு இந்தக் குழாய் ஷாக்கையும் தாங்கி வந்தது. அந்த வகை ஜீப்பைத்தான் 1940களின் இறுதியில் மஹிந்திரா நிறுவனம் பம்பாயில் பூட்டத் தொடங்கியது. 1961இல் கேப்ரியல் இந்தியா நிறுவனம் தொடங்கப்பட்டபின் ஷாக் அப்சார்பரும் இங்கேயே தயாரானது.

இன்னும் ஒரு குறை மிச்சமிருந்தது. கல்பாதையில் ஓயாமல் ஏறி இறங்கினால் எண்ணெய் சூடேறும், காற்றோடு கலந்து நுரைக்கும். நுரைத்த எண்ணெய் எதையும் தடுக்காது. 1950களில் பிரான்சின் தெ கார்போன், மிதக்கும் பிஸ்டன் ஒன்றால் வாயுவையும் எண்ணெயையும் பிரித்து ஒற்றைக் குழாய் ஷாக்கைச் செய்தார். 1957இல் ஜெர்மனியின் பில்ஸ்டைன் நிறுவனம் அதை மெர்சிடிஸ் கார்களுக்குப் பெருமளவில் தயாரித்தது.

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப்புக்கு எது பொருந்தும்? ஒற்றைக் குழாய் சூட்டைத் தாங்கும். ஆனால் கல் பட்டு வெளிச்சுவர் நசுங்கினால் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். குழாய்க்குள் குழாய் வைத்த வழக்கமான இரட்டைக் குழாய் ஷாக் சிறு நசுங்கலைப் பொறுத்துக்கொள்ளும். ஆனால் சீக்கிரம் நுரைக்கும். நீண்ட தூரம் வேகமாக ஓடும் வண்டிக்கு முன்னது. பாறையில் ஊர்ந்து ஏறும் வண்டிக்குப் பின்னதே போதும்.

நல்ல ஷாக் வாங்குவது பாதி வேலைதான். மீதி வேலை மாட்டுவதில் இருக்கிறது. பின் சக்கரத்தை முழுதாகத் தொங்கவிட்டு, ஷாக்கை மாட்டும் மேல் கண்ணுக்கும் கீழ்க் கண்ணுக்கும் உள்ள தூரத்தை அளக்க வேண்டும். அடுத்து, ஆக்ஸில் ரப்பர் கட்டையில் முட்டும் அளவுக்கு ஸ்பிரிங் அமுங்கிய நிலையில் அளக்க வேண்டும். இரண்டு எல்லையிலும் ஷாக்குக்குச் சிறிது இடம் மிஞ்சினால்தான் அது பிழைக்கும். சுமைக்காகப் பட்டை கூட்டி வண்டியை உயர்த்துபவர்கள் பழைய ஷாக்கையே விட்டுவைக்கிறார்கள். அது நீளம் போதாமல் இழுபட்டு உடையும். உடையாவிட்டாலும் கடினமான புது ஸ்பிரிங்கின் உதையை அடக்க அதற்குத் தெம்பு இராது.

சாய்வும் முக்கியம். செங்குத்திலிருந்து 30 டிகிரி சாய்த்தால் ஷாக்கின் பலனில் முக்கால் பங்குதான் சக்கரத்துக்குக் கிடைக்கும். 45 டிகிரி சாய்த்தால் பாதிதான். கீழ்ப் பிடியை ஆக்ஸிலுக்குக் கீழே தொங்கவிட்டால் முதல் பாறையே அதைப் பெயர்த்துவிடும். ஷாக் கண்ணுக்குள் இருக்கும் ரப்பர் புஷ்ஷின் போல்ட்டை, வண்டி நான்கு சக்கரத்திலும் நிற்கும்போதுதான் கடைசியாக முறுக்க வேண்டும். தொங்கவிட்டு முறுக்கினால் ரப்பர் எப்போதும் திருகிய நிலையிலேயே கிடந்து கிழியும்.

ஷாக் செத்த ஜீப் குலுக்குவதோடு நிற்பதில்லை. துள்ளும் டயர் தரையை விட்டு எழும்பும் நேரத்தில் பிரேக்குக்குப் பிடிப்பு இல்லை. போடிமெட்டு கொண்டை ஊசி வளைவில் ஆட்களோடு இறங்கும் வண்டிக்கு அது உயிர்ப் பிரச்சினை.

ஜீப் உரிமையாளர்களுக்கும் ஓட்டுநர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கல்பாதையில் ஓட்டி வந்ததும் இறங்கிப் பின் ஷாக் இரண்டையும் கவனமாகத் தொட்டுப் பாருங்கள். ஆட்டத்தைச் சூடாக்கிக் கரைப்பதுதான் அதன் வேலை. வேலை செய்த ஷாக் சுடும். ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அது செத்துவிட்டது. எண்ணெய் கசிந்தாலும் அதன் காலம் முடிந்தது. ஒன்றை மட்டும் மாற்றாமல் இரண்டையும் ஜோடியாக மாற்றுங்கள். நாள் முழுக்க ஏலக்காய் பறித்துக் களைத்துத் திரும்புகிறவர்களுக்காக அந்தச் செலவைச் செய்வது நம் கடமை.