தடயம் படிப்பதா, பாகம் மாற்றுவதா?

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் செல்லும் வழியில், செய்யாற்றங்கரையில் இருக்கிறது மாகறல். இதுபோன்ற ஊரில் ஒரு பள்ளியோ, ஸ்டுடியோவோ, பத்திரம் எழுதும் அலுவலகமோ தன் கோப்புகளை ஒரே சர்வரில் வைத்து நான்கைந்து கணினிகளுக்குப் பகிர்ந்தால், அது நின்றதும் மொத்த வேலையும் நின்றுவிடும். பழுதுபார்ப்பவர் நகரத்திலிருந்து வந்து சேர்வதற்குள் அது மறுபடி ஓடத் தொடங்கியிருக்கும். காரணம் மட்டும் தெரியாது. அதைக் கண்டுபிடிக்க இரண்டு வழிகள் உண்டு: லாக் பதிவுகளைப் படிப்பது, ராம், மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ். என்று பாகங்களை மாற்றிப் பார்ப்பது.

லாக் படிக்கச் செலவில்லை. விண்டோஸில் ‘கெர்னல்-பவர் 41’ என்ற பதிவு, கணினி முறையாக அணைக்கப்படாததைச் சொல்கிறது. அதிலுள்ள பக்செக் எண் பூஜ்யமாக இல்லையென்றால், விண்டோஸே ஒரு பிழையைக் கண்டு நின்றிருக்கிறது. டிரைவரையோ நினைவகத்தையோ தேடிப் போகலாம். பூஜ்யமென்றால், பிழையை எழுதவே அவகாசம் கிடைக்கவில்லை. மின்சாரத்தின் மீதும் வெப்பத்தின் மீதும் சந்தேகம் திரும்ப வேண்டும். லினக்ஸ் சர்வரில் கடைசி வரிகள் டிஸ்க்கில் பதியாமலே போய்விடலாம். அதற்குத்தான் நெட்கன்சோல் இருக்கிறது: கெர்னலின் செய்திகளை அது உடனுக்குடன் பக்கத்துக் கணினிக்கு அனுப்பிவிடும்.

லாக்குக்கு ஓர் எல்லை உண்டு. பியாங்கா ஷ்ரோடர் கூகுள் பொறியாளர்களுடன் 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஆண்டுக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு சர்வரில் நினைவகப் பிழை பதிவாகியிருந்தது. அந்தச் சர்வர்களில் பிழையைக் கண்டறியும் இ.சி.சி. ராம் இருந்ததால்தான் கணக்கே கிடைத்தது. சாதாரண கணினியைச் சர்வராக்கினால் அதே பிழை சத்தமில்லாமல் நடக்கும். லாக்கில் ஒரு வரிகூட இருக்காது. இங்கே பாகம் மாற்றும் வழி முந்துகிறது. இரவு முழுவதும் மெம்டெஸ்ட் என்ற நினைவகச் சோதனையை ஓடவிட்டு, பிழை காட்டும் ராமை மாற்றினால் விடை கையில் கிடைக்கும்.

ஆனால் சோதிக்காமல் மாற்றுவது ஏமாற்றும். ராமைக் கழற்றி மாட்டும்போதே தொடுமுனை சரியாகிவிடலாம். நல்ல பாகம் குப்பைக்குப் போகும். விட்டுவிட்டு வரும் கோளாறில் இந்த ஏமாற்றம் இன்னும் பெரிது. சராசரியாகப் பத்து நாளுக்கு ஒருமுறை, ஒழுங்கில்லாமல் நிற்கும் சர்வர், எதையும் மாற்றாவிட்டாலும் அடுத்த பத்து நாள் நிற்காமல் ஓட சுமார் 37 சதவீத வாய்ப்பு இருக்கிறது. முப்பது நாள் ஓடிய பிறகே அந்த வாய்ப்பு 5 சதவீதமாகக் குறைகிறது. ஒரு வாரம் ஓடியதும் ‘சரியாகிவிட்டது’ என்பது அவசரத் தீர்ப்பு.

கண்ணில் படும் காரணமே முழுக் காரணமாக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு ஒரு பெரிய சான்று உண்டு. 2021 பிப்ரவரி 24 அன்று தேசியப் பங்குச்சந்தையில் காலை 11.40க்கு வர்த்தகம் நின்றது, பிற்பகல் 3.45க்குத்தான் மீண்டும் தொடங்கியது. சாலையில் நடந்த தோண்டும் வேலையால் இரண்டு தொலைத்தொடர்பு நிறுவனங்களின் இணைப்புகள் பாதிக்கப்பட்டன. ஆனால் இணைப்பு போனாலும் சந்தையின் முதன்மைத் தளம் ஓடியிருக்க வேண்டும். அங்கிருந்த பிணையச் சேமிப்பு அமைப்பு, வடிவமைத்தபடி நடந்துகொள்ளாததே ஆழமான காரணம். கேபிளை ஒட்டியதோடு விட்டிருந்தால் அந்தக் குறை வெளியே வந்திருக்காது.

கிராமத்துக்கு இன்னொரு சந்தேகமும் சேரும். பம்ப்செட் மோட்டார் ஓடத் தொடங்கும்போது வோல்டேஜ் சரிகிறது, பழைய எஸ்.எம்.பி.எஸ். அதைத் தாங்காது. சர்வர் நின்ற நேரத்தை ஒரு நோட்டில் எழுதி, மின்சாரம் வந்துபோன நேரத்தோடு ஒப்பிட்டாலே பாதி விடை தெரியும். அந்த நோட்டும் ஒரு லாக்தான்.

ஆகவே இந்த இரண்டில் எது சிறந்தது என்பதைவிட, எது முதலில் என்பதே கேள்வி. லாக் சந்தேகத்தைச் சுருக்கும். பாகமாற்றம் அதை உறுதிசெய்யும். வரிசையைத் தலைகீழாக்கினால் காசும் போகும், காரணமும் தெரியாது. முதலில் கோப்புகளை வேறொரு டிஸ்க்கில் நகலெடுங்கள். அடுத்து லாக்கைப் படியுங்கள். பிறகு ஒரு நேரத்தில் ஒரே ஒரு பாகத்தை மாற்றி, போதிய நாள் காத்திருங்கள். என்ன மாற்றினீர்கள், என்று மாற்றினீர்கள் என்பதைத் தேதியோடு எழுதி வையுங்கள்.