திருவாலங்காட்டுச் செப்பேடும் சான்று காட்டும் முறையும்

ஒருவன் கூறும் பொருள் மெய்யோ பொய்யோ என்பது அவன் குரலின் உரத்தாலேனும், அவனைச் சூழ்ந்து கைகொட்டுவாரின் தொகையாலேனும் துணியப்படுவதன்று. அவன் காட்டும் சான்றினாலேயே துணியப்படும். இதனை அறியாதார் யாவர்? ஆயினும் அறிந்தாரெல்லாம் அவ்வழி நிற்கின்றனரோ எனின், இல்லை என்றே கூறல் வேண்டும். இவ்வாறு கூறுங்கால் பிறரைக் குறை சொல்லுதல் எம் கருத்தன்று. யாமும் இதன்கண் தவறினோம். அத்தவற்றைச் சொல்லியே இக்கட்டுரையைத் தொடங்குகின்றோம்.

நம் சங்கத்தின் சென்ற ஆண்டு விழாவிலே பெரியவர் ஒருவர் பேசுங்கால், நம் முன்னோர் பழையனூர் நாட்டைத் தனியரசாக ஆண்டனர் என்றும், அதற்குத் திருவாலங்காட்டுச் செப்பேடே சான்று என்றும் முழங்கினார். அவை ஆரவாரித்தது, யாமும் கைகொட்டினோம். மறுவாரம் பள்ளியிலே மாணாக்கர்க்கு அச்செய்தியைப் பெருமிதத்தோடு எடுத்துரைத்தோம். அப்பொழுது பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து, “ஐயா, செப்பேட்டில் அது எந்த ஏட்டில் இருக்கிறது?” என்று வினவினான். யாம் விடையிறுக்க மாட்டாது நின்றோம். இருபதாண்டு தமிழ் கற்பித்தும், எம் ஊரின் பெயரைத் தாங்கிய அச்செப்பேட்டின் பதிப்பை ஒருகாலும் விரித்துப் பார்த்திலேம். அம்மாணவனுக்கு யாம் கடமைப்பட்டுள்ளோம். அக்கடனைத் தீர்க்கவே இதனை எழுதுகின்றோம்.

அன்பர்களே! அச்செப்பேடு யாது என்பதை முதற்கண் காண்போம். 1905-ஆம் ஆண்டில் திருவாலங்காட்டிலே அகப்பட்ட அது 31 ஏடுகளை உடையது. வடமொழிப் பகுதி ஒன்றும் தமிழ்ப் பகுதி ஒன்றும் அதன்கண் உள்ளன. கிருஷ்ண சாஸ்திரியார் அதனைப் படித்து, தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளின் மூன்றாம் தொகுதியில் 1920-இல் வெளியிட்டார். முதலாம் இராசேந்திர சோழன் தனது ஆறாம் ஆட்சியாண்டிலே, அஃதாவது ஏறத்தாழ கி.பி. 1018-இல், பழையனூர் என்னும் ஊரைத் திருவாலங்காட்டு இறைவர்க்கு அளித்த செய்தியே அதன் உட்பொருள்.

இனி, ஒரே செப்பேட்டினுள்ளும் எல்லாப் பகுதிக்கும் ஒரே மதிப்பில்லை என்பதை அன்பர்கள் ஊன்றி நோக்குக. வடமொழிப் பகுதி சோழர் குலத்தைக் கதிரவனிடமிருந்து தொடங்கி, மனு முதலிய புராண வேந்தரை வரிசைப்படுத்திக் கூறுகின்றது. அன்பிற் செப்பேடு, ஆனைமங்கலச் செப்பேடு, கன்னியாகுமரிக் கல்வெட்டு என்பனவும் இவ்வாறே முன்னோர் வரிசை கூறுகின்றன. ஆனால் அவ்வரிசைகள் தம்முள் ஒத்திருக்கவில்லை. ஆதலின் அப்பகுதி, சோழர் தம்மை எவ்வாறு எண்ணிக்கொண்டனர் என்பதற்குச் சான்றாகுமேயன்றி, அவ்வேந்தர் மெய்யாகவே அம்முறையில் ஆண்டனர் என்பதற்குச் சான்றாகாது. விசயாலயன் முதலாக வரும் செய்திகளோ பிற கல்வெட்டுக்களோடு ஒத்து நோக்கி ஏற்கத்தக்கன. ஊரைக் கொடுத்த தமிழ்ப் பகுதி அரசன் ஆணையை அதிகாரிகள் எழுத்தில் வைத்த ஆவணமாதலின், மூன்றனுள்ளும் அதுவே வலிமை மிக்கது.

மற்றுமொன்று. தமிழ்ப் பகுதி ஆறாம் ஆண்டிற்குரியது. வடமொழிப் பகுதியோ இராசேந்திரன் கடல் கடந்து கடாரம் கொண்டதையும் பாடுகின்றது. கடாரப் படையெடுப்பு ஏறத்தாழ 1025-இல் நிகழ்ந்தது. 1018-இல் எழுதுவோன் 1025-இல் நிகழ்வதனை எங்ஙனம் பாடுவான்? ஆகவே வடமொழிப் பகுதி பின்னரே எழுதிச் சேர்க்கப்பட்டது என அறிஞர் துணிந்தனர். “செப்பேட்டில் உளது” என்று மட்டும் கூறி அமைவார்க்கு இந்நுட்பம் புலப்படாது. எப்பகுதியில் உளது, எப்பொழுது எழுதப்பட்டது, எழுதியவர் அதனை அறிதற்கு வாய்ப்புண்டா என்னும் வினாக்களை எழுப்புவார்க்கே புலப்படும்.

சான்று ஒன்றாயிருப்பினும் முடிவு இரண்டாதலும் உண்டு. வீரபாண்டியன் தலைகொண்ட ஆதித்த கரிகாலன் விண்ணுலகு காணும் விருப்பினால் மறைந்தான் என்றும், குடிகள் அருண்மொழிவர்மனை அரசேற வேண்டியும், தன் சிற்றப்பன் ஆட்சியை விரும்பியிருக்குங்காறும் தான் அதனை விரும்பேன் என அவன் மறுத்தான் என்றும் இச்செப்பேடு கூறும். உடையார்குடிக் கல்வெட்டோ அக்கரிகாலனைக் கொன்ற துரோகிகள் எனச் சோமன், இரவிதாசன், பரமேசுவரன் என்பாரைச் சுட்டி, அவர்தம் உடைமை பற்றிய அரசாணையைக் கூறுகின்றது. இவ்விரண்டையும் இணைத்து நோக்கிய நீலகண்ட சாஸ்திரியார், உத்தம சோழனுக்கும் அக்கொலையில் தொடர்பிருக்கலாம் என ஐயுற்றார். சதாசிவப் பண்டாரத்தாரோ அதே சான்றுகளைக் கொண்டே அவ்வையத்தை மறுத்தார். இருவரும் பேரறிஞர். இருவரும் சான்றை மறைத்திலர். இதுவரை எழுத்து, இதன்மேல் எம் கருத்து எனப் படிப்போர் பகுத்தறியுமாறு எழுதினர். அதனாலன்றோ இன்றும் நாம் இருவர் நூலையும் வைத்து ஆராய்ந்து நமக்கென ஒரு துணிபு கொள்ள இயலுகின்றது!

சான்று காட்டும் முறை துறைதோறும் வேறுபடும். வழக்கு மன்றத்தின் முறையை அறியப் பெரியபுராணத்தைக் காட்டிலும் இனிய நூல் வேண்டுமோ? திருவெண்ணெய்நல்லூர் அவையத்தார், நம்பியாரூரரைத் தம் அடிமை என்ற முதியவரை நோக்கி, ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்னும் மூன்றனுள் ஒன்று காட்டுக என்றனர். ஆரூரர் கிழித்தெறிந்தது படியோலை; முதியவர் அவையில் வைத்தது மூலவோலை. அவையத்தார் அம்மூலவோலையையும் எளிதில் ஏற்றிலர். பாட்டனார் கைச்சாத்துடைய வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வருவித்து, எழுத்தோடு எழுத்தை ஒப்பிட்டு, அதன் பின்னரே தீர்ப்புக் கூறினர். வழக்காடியவர் யாவர் என்பதை நாம் அறிவோம்; அவையத்தார் அறியார். இறைவனே வழக்காடினும் மூலவோலை வேண்டும் என்பது சேக்கிழார் காட்டும் நெறி. நம் மேடைப் பேச்சாளர் இறைவனினும் மேலானவர் அல்லரே!

இனிப் புலமைத் துறை. நம் பழைய உரையாசிரியர்கள் மேற்கோள் காட்டுங்கால், ‘என்றார் பிறரும்’ எனக் கூறி, நூற்பெயரும் ஆசிரியர் பெயரும் சுட்டாமற் செல்லுதல் பெரும்பான்மை. அக்காலத்துக் கற்றோர்க்கு நூல்கள் நெஞ்சிலிருந்தன; ஆதலின் அது குற்றமன்று. ஆனால் நூல்கள் மறைந்த பிற்காலத்தே அஃது எத்துணை இடர் விளைத்தது! சீவக சிந்தாமணியை 1887-இல் வெளியிட்ட மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர், நச்சினார்க்கினியர் எடுத்தாண்ட அடிகள் எந்நூலின எனத் தேடித் தேடி அலைந்தார். அத்தேடலே அவரைச் சங்க நூல்களின்பால் உய்த்தது. 1894-இல் புறநானூற்றை அச்சிட்டபொழுது, பல சுவடிகளை ஒப்பிட்டுப் பாடபேதங்களையும் காட்டினார். தாம் கொண்ட பாடத்தை மட்டும் அச்சிட்டிருப்பின் வேலை எளிதாயிருக்கும். தாம் கொள்ளாததனையும் காட்டினமையின், பின்வருவோர் அவரையே ஆராய்ந்து பார்த்தற்கு வழியாயிற்று.

மருத்துவத் துறையின் முறை இவ்விரண்டினும் வேறு. அங்கே பழைய ஓலை உதவாது. புதிதாகச் சோதனை செய்து காணல் வேண்டும். சயரோகத்தார்க்கு ஆரோக்கிய நிலையத்துப் படுக்கையும் ஊட்டமான உணவும் இன்றியமையாதன என்பதே முன்னாளில் மருத்துவர் பலரின் கொள்கை. 1956-இல் சென்னையிலே தொடங்கிய சயரோக ஆராய்ச்சி நிலையத்தார் அக்கொள்கையைச் சோதிக்கத் துணிந்தனர். ஏழை நோயாளர் 193 பேரை, மருத்துவர் விருப்பப்படியன்றிக் குலுக்கல் முறையால் இரு கூறாக்கி, ஒரு கூற்றாரை வீட்டிலும் மற்றொரு கூற்றாரை ஆரோக்கிய நிலையத்திலும் வைத்து, ஒரே மருந்தைக் கொடுத்தனர். நெருக்கமான குடிலும் குறைந்த உணவும் உடைய வீட்டு நோயாளரும், ஏறத்தாழ மற்றவரைப் போலவே குணமடைந்தனர் என்னும் முடிவு 1959-இல் வெளிவந்தது. அதன்பின் உலகெங்கும் சயரோக மருத்துவம் வீட்டை நாடித் திரும்பியது. குலுக்கல் எதற்கு? நோய் குறைந்தாரை மருத்துவன் தான் விரும்பும் பக்கம் சேர்த்துவிடாமைப் பொருட்டு. தன் விருப்பத்திற்குத் தானே அணை கோலிக்கொள்ளுதல் இதன் உயிர்நாடி.

நம் திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கம் வேறொரு முறையைக் காட்டும். 1863-இல் புரூஸ் பூட் என்னும் நிலநூலறிஞர் அங்கே பழைய கற்கருவிகளைக் கண்டார். அவற்றின் தொன்மையை அளக்கும் கருவி அந்நாளில் இல்லை. அவர் அளந்ததாகக் கூறவுமில்லை. பிற்காலத்தே சாந்தி பாப்பு அவர்களும் உடனுழைத்தோரும் அவ்விடத்தை அடுக்கடுக்காக அகழ்ந்து, மண்ணிற் பதிந்த காந்தத் திசையினாலும், விண்கதிர் பட்ட கல்லிலுள்ள நுண்பொருள் மண்ணிற் புதைந்தபின் தேயும் அளவினாலும் கணித்து, ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டு எனும் முடிவை 2011-இல் வெளியிட்டனர். தொடர்பற்ற இருவழிகள் ஓரிடத்தே சென்று கூடின. அதுவே அம்முடிவின் வலிமை. அக்கருவிகளைச் செய்த கை எக்குலத்தது என்று கேட்பார் உளராயின், நம் போன்ற மாந்தரே தோன்றாத காலம் அது என்பதை நினைவுறுத்துகின்றோம்.

துறைகள் வேறாயினும், மூலத்தைக் காண்டல், கண்டதனைக் கருத்தினின்று பிரித்துரைத்தல், தனக்கு மாறானதனையும் மறையாது கூறுதல் என்னும் மூன்றும் எல்லாவற்றிற்கும் பொது.

இனி நம்மிடம் வருவோம். 1901-ஆம் ஆண்டுக் குடிமதிப்பிலே, ரிஸ்லி துரையின் ஏற்பாட்டால், சாதிகளை உயர்வு தாழ்வு வரிசையில் வைக்கும் முயற்சி நிகழ்ந்தது. அதுமுதல் நாடெங்கும் குலச் சங்கங்கள் விண்ணப்பங்களையும் வரலாற்று நூல்களையும் எழுதிக் குவித்தன. வேண்டிய முடிவை முன்னே வைத்து, அதற்கேற்ற சான்றைப் பின்னே தேடிய நூல்கள் அவற்றுட் பல. அன்று அதற்கொரு காரணம் இருந்தது. இழிவு கூறினாரை மறுக்க வேண்டியிருந்தது. ஆனால் பொய்யால் மறுத்த மறுப்பு நிலைத்ததுண்டோ?

இப்பொழுது நம் சங்கமும் குல வரலாறு ஒன்றை அச்சிடக் கருதியுள்ளது. அதன் கைப்படியில் பழையனூர் ‘வெள்ளான் வகை’ ஆயிற்று எனும் செப்பேட்டுத் தொடர், நம்மவரின் தனியரசுக்குச் சான்றாகக் காட்டப்பட்டுள்ளது. யாம் பதிப்பை விரித்துப் பார்த்தோம். முன்னர்ப் பிரமதேயமாயிருந்த ஊரை அந்நிலையினின்று மாற்றிக் கோயிலுக்கு இறையிறுக்கும் வெள்ளான் வகையாக்கியதையே அத்தொடர் குறிக்கும். பிரமதேயம், தேவதானம் என்பன போல அதுவும் ஊர் வகையைக் குறிக்கும் சொல். உழுகுடிகள் ஆங்கு வாழ்ந்தனர் என்பது அதனாற் பெறப்படும். முடிசூடி ஆண்டனர் என்பது பெறப்படாது. உழுது இறையிறுத்துக் கோயிலைப் புரந்தார் எனும் பெருமை நமக்குப் போதாதோ? அப்பகுதியைத் திருத்தியே அச்சிடல் வேண்டும் என ஆட்சிக் குழுவினரைப் பணிவுடன் வேண்டுகின்றோம்.

இறுதியாக, பழையனூர்க் கதையை நினைவிற் கொள்வோம். வஞ்சமகள் நீலியின் சொல்லை நம்பி, வணிகனுக்குத் தீங்கு நேரின் தம் உயிர் தருவதாகப் பிணை நின்ற வேளாளர் எழுபதின்மரும், அவன் மாண்டது கண்டு தீக்குழி புகுந்தனர் என்பர். யாம் கூறிய முறைப்படியே இதனையும் சொல்லல் வேண்டும். ஒருத்தி வஞ்சித்து உயிர்கொண்ட செய்தி ஞானசம்பந்தர் பதிகத்திலேயே குறிக்கப்படுகின்றது. ஆனால் எழுபது என்னும் எண் அங்கில்லை. அது பிற்பட்ட உமாபதி சிவத்தின் சேக்கிழார் புராணத்திற் காணப்படுவது. இவ்வாறு பிரித்துரைத்தலால் அவர்தம் புகழ் குன்றிற்றோ? குன்றவில்லை. கண்ணாற் காணாத ஒன்றுக்குப் பிணை நின்றமையே அவர்க்கு நேர்ந்த இடர். சொன்ன சொல்லினின்று வழுவாமையே அவர்தம் பெருமை.

நாம் அச்சிடும் ஒவ்வொரு வரியும் நம் மக்களுக்கு நாம் கொடுக்கும் பிணையே ஆகும். கண்டு கொடுப்போமாக; கொடுத்தபின் வழுவாது நிற்போமாக. எம்மை வினவிய அம்மாணவனுக்குச் சென்ற வாரம் விடை கூறினோம்: “தம்பி, அச்செய்தி செப்பேட்டில் இல்லை. யாம் பாராமற் கூறினோம்.” அவன் புன்னகைத்து, “அப்படியானால் அதில் என்னதான் இருக்கிறது, ஐயா?” என்றான். அன்றே பதிப்பை அவன் கையிற் கொடுத்து, முதல் ஏட்டிலிருந்து அவனோடு அமர்ந்து படிக்கத் தொடங்கினோம்.