கொக்குவாயும் படுகண்ணும்

கழுத்தணியின் பூட்டு, பூண்டபின் தானே கழலலாகாது. கழற்ற விரும்புங்கால் எளிதிற் கழலவும் வேண்டும். முரண்பட்ட இவ்விரு தேவைகளையும் ஒருங்கே நிறைவேற்றுவது பொற்கொல்லர் திறமாகும்.

முதலாம் இராசராசன் (985–1014) எடுப்பித்த தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள், ஆங்கு அளிக்கப்பெற்ற அணிகலன்களை விரித்துரைக்கின்றன. பொன்னைக் கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என நிறுத்து, முத்தையும் மணியையும் எண்ணிக் காட்டும் அவை, படுகண், கொக்குவாய் என்னும் சிற்றுறுப்புகளையும் விட்டுவிடவில்லை. படுகண் என்பது துளையுடைய வளையம். கொக்குவாய் என்பது அதனுள் மாட்டும் கொக்கி. இரைபற்றும் கொக்கின் அலகை நினைவூட்டும் அப்பெயரே பூட்டின் அமைப்பை விளக்கிவிடுகின்றது. உறுப்பு சிறிதாயினும், அது முறிந்தால் அணி முழுவதும் இழப்பாகும். அதனைக் கணக்கிற் சேர்த்தது பொருத்தமே.

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் லாயாங் லாயாங் என்றோர் ஊர் உண்டு. மலாய் மொழியில் அச்சொல் தகைவிலான் குருவியையும், காற்றாடிப் பட்டத்தையும் குறிக்கும். பறவைப் பெயருடைய அவ்வூர்ச் சிறார்க்குத் தாயின் சங்கிலிப் பூட்டுக்கும் பறவைப் பெயருண்டு என்று கற்பித்தல் எளிது. இன்று பலர் ‘ஹூக்’ என்று சொல்லும் உறுப்புக்கு, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே கல்லிற் பொறித்த தமிழ்ச்சொல் இருக்கின்றது. அது வழக்கிழத்தல் நன்றன்று.