பதுளைப் பெருந்தோட்டங்களில் பசியும் மண்சரிவும்: ஒரு வரலாற்று நோக்கு

பசி, மண்சரிவு, பெற்றோரை இழந்த குழந்தையின் நிலை ஆகியவற்றைத் தனித்தனிப் பிரச்சினைகளாக நோக்குவதே பெருவழக்காக உள்ளது. ஊவா மாகாணப் பெருந்தோட்டங்களின் வரலாற்றை ஆராயுமிடத்து இம்மூன்றும் ஒரே வேரினின்று கிளைத்தவை என்பது புலனாகும். அவ்வேர் காணியின்மையாகும்.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அவர்கள் வாழ்ந்த லயத்து அறைகளோ தோட்டத்தின் உடைமை. இந்நிலையின் கொடுமை 1973–74இல் முழுமையாக வெளிப்பட்டது. உலகச் சந்தையில் தானிய விலை ஏறவே, அரசு உணவுப் பங்கீட்டைக் குறைத்தது. கிராமத்தவர் பலருக்கு வயலோ மரவள்ளிக் கொல்லையோ கைகொடுத்தது. கூலியைக் கொண்டு மாவும் அரிசியும் வாங்கியுண்ட தோட்டத் தொழிலாளிக்கு அத்தகைய பிடிமானம் இருக்கவில்லை. 1974இல் தோட்டங்களில் இறப்பு வீதம் கடுமையாக உயர்ந்தது. சிசுக்களே பெருமளவிற் பலியாயினர்.

நாற்பது ஆண்டுகளின் பின்னர், 2014 ஒக்டோபர் 29ஆம் நாட் காலை, பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குச் சென்றிருந்த பிள்ளைகள் பலர் உயிர் தப்பினர். அவர்களுட் சிலர் திரும்பியபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அவ்விடம் ஆபத்தானது என 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. மக்கள் ஏன் வெளியேறவில்லை என வினவியோர் பலர். அவர்கள் எங்கே செல்வது என வினவியோர் சிலரே. எஞ்சியோருக்கான 75 வீடுகள் 2016 ஒக்டோபரிலேயே கையளிக்கப்பட்டன.

அதே 2016இன் தேசியக் கணிப்பீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்டோருள் வயதுக்கேற்ற உயரமற்றோர் நாட்டில் ஏறத்தாழ 17 வீதம். தோட்டத்துறையில் ஏறத்தாழ 32 வீதம். 2022இல் உணவுப் பணவீக்கம் 90 வீதத்தைக் கடந்தபோதும், 2025 நவம்பரில் டித்வா புயலால் பதுளை மலைகள் மீண்டும் சரிந்தபோதும், முன்னரே நலிந்திருந்த இக்குழந்தைகளே பேரிடரை எதிர்கொள்ள நேர்ந்தது.

இந்நிலையில் பிள்ளை மடுவம் நமது கவனத்துக்குரியது. தாய் கொழுந்தெடுக்கச் செல்லும்போது குழந்தையை ஒப்படைத்துச் செல்லும் இடம் அது. அதனைச் சரிவு அபாயமற்ற நிலத்தில் அமைத்து, சில வாரங்களுக்கான உலருணவையும், ஒவ்வொரு குழந்தைக்கும் பெற்றோரையன்றிப் பொறுப்பேற்கவல்ல உறவினர் யாவர் என்ற பதிவையும் அங்கே பேணுதல் பெருஞ்செலவின்றி இயலக்கூடியதே.

எனினும், இது காணியுரிமைக்கு மாற்றாகாது. அண்மைக்கால வீடமைப்புத் திட்டங்கள் வழங்கும் சிறு காணித்துண்டு ஒரு கூரைக்குப் போதும். ஒரு குடும்பத்தின் உணவுக்குப் போதாது. பாதுகாப்பான நிலமும் பயிரிடத்தக்க நிலமும் தொழிலாளரின் சொந்தமாகும்வரை, நிவாரணம் அடுத்த மழைவரையுமே நீடிக்கும் என்பது நமது துணிபு.