ஸ்பானிஷை வேகமாகக் கற்ற பெண்

முப்பதே நாட்களில் ஒரு மொழி பேசலாம் என்று சொல்லும் புத்தகங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். போன செமஸ்டர் விடுமுறையில் அப்படி ஒரு ஸ்பானிஷ் புத்தகம் வாங்கினேன். நாற்பத்தைந்து நாள் ஆகியும் 'ஓலா', 'கிராசியாஸ்' இரண்டையும் தாண்டவில்லை. தப்பு புத்தகத்தின் மேல் இல்லை, என் மேல்தான் :)

சரி, இந்த மொழியை நிஜமாகவே வேகமாகக் கற்றவர்கள் யாராவது உண்டா என்று தேடினேன். ஐநூறு வருடத்துக்கு முன்னால் போய் நின்றேன்.

1492-ல், கொலம்பஸ் கப்பல் ஏறிய அதே வருடம், நெப்ரிஹா என்ற அறிஞர் ஸ்பானிஷ் மொழிக்கு முதல் அச்சு இலக்கண நூலை எழுதி ராணி இசபெல்லாவுக்குச் சமர்ப்பித்தார். அதன் ஐந்தாம் பகுதி வேற்று மொழிக்காரர்கள் ஸ்பானிஷ் கற்பதற்காகவே எழுதப்பட்டது. ஆனால் அமெரிக்காவில் முதலில் ஸ்பானிஷ் கற்றவர்களுக்கு அந்தப் புத்தகம் கிடைக்கவில்லை. அவர்களைப் பிடித்துக்கொண்டு போய்த்தான் கற்றுக்கொடுத்தார்கள்.

1517-ல் யுகாட்டான் கரையில் இரண்டு மாயா இளைஞர்களைப் பிடித்து, ஹூலியான், மெல்ச்சோர் என்று பெயர் வைத்து, கியூபாவுக்குக் கொண்டுபோனார்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டும், அவ்வளவுதான் காரணம். ஹூலியான் சீக்கிரமே இறந்துபோனார். மெல்ச்சோர் 1519-ல் கோர்டெஸின் படையோடு தபாஸ்கோவுக்கு வந்தார். ஒரு ராத்திரி, தனக்குப் போட்டுவிட்ட ஸ்பானிஷ் உடைகளைக் கழற்றி மரத்தில் தொங்கவிட்டுவிட்டு, படகில் ஏறித் தப்பித்தார். அங்கிருந்த மக்களிடம் போய் இவர்களை எதிர்த்துப் போரிடுங்கள் என்றாராம். படையில் இருந்த பெர்னால் டியாஸ் பிற்காலத்தில் எழுதிய நூலில் இதைச் சொல்கிறார்.

அதற்குச் சில வாரம் முன்புதான் கோர்டெஸுக்கு வேறொரு ஆள் கிடைத்திருந்தார். பெயர் அகிலார். ஸ்பானியர். 1511-ல் கப்பல் உடைந்து யுகாட்டானில் கரை ஒதுங்கி, எட்டு வருடம் மாயா மக்களிடம் அடிமையாக இருந்தவர். மீட்கப்பட்டபோது அவரைப் பார்த்தால் ஸ்பானியர் என்றே தெரியவில்லையாம். சொந்தத் தாய்மொழியே தட்டுத் தடுமாறித்தான் வந்தது. எட்டு வருடம் பேசாவிட்டால் தாய்மொழிக்கே அந்தக் கதி என்றால், ஞாயிற்றுக்கிழமை மட்டும் படிக்கும் என் ஸ்பானிஷைப் பற்றி என்ன சொல்ல!

இப்போது நம் கதாநாயகி. 1519 மார்ச்சில் நடந்த போரில் தோற்ற தபாஸ்கோ தலைவர்கள், தங்க நகைகளோடு இருபது பெண்களையும் கோர்டெஸுக்குக் கொடுத்தார்கள். அதில் ஒருவருக்கு ஸ்பானியர்கள் வைத்த பெயர் மரினா. அவருடைய பூர்வீக மொழி நாவாட்டில், அதாவது அஸ்டெக்குகளின் மொழி. சின்ன வயதிலேயே அடிமையாகக் கைமாறி மாயா மக்களிடம் வந்து சேர்ந்ததால் அந்த மொழியும் தெரியும்.

படை வடக்கே போனதும் அஸ்டெக் அரசர் மொக்டெசுமாவின் தூதர்கள் வந்தார்கள். அவர்கள் பேசியது நாவாட்டில். அகிலாருக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. மரினா அவர்களோடு சகஜமாகப் பேசுவதைப் பார்த்த பிறகு ஒரு சங்கிலி உருவானது. கோர்டெஸ் ஸ்பானிஷில் சொல்வார். அகிலார் அதை மாயாவில் மரினாவிடம் சொல்வார். மரினா நாவாட்டிலில் தூதர்களிடம் சொல்வார். பதில் அதே வழியில் திரும்பி வரும்.

இந்த ஏற்பாட்டில் நடு ஆளாக நின்றபடியே மரினா ஸ்பானிஷையும் பிடித்துக்கொண்டார். சில மாதங்களிலேயே என்றுதான் பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். பாடப்புத்தகம் இல்லை, வகுப்பு இல்லை. 1524-ல் கோர்டெஸ் ஹோண்டுராஸுக்குக் கிளம்பியபோது அகிலார் கூடப் போகவில்லை. மரினா போனார்.

எப்படி முடிந்தது? ஏற்கனவே இரண்டு மொழி தெரிந்தவருக்கு மூன்றாவது சுலபம் என்று சொல்லலாம். தினமும் காதில் விழுந்தது, உடனே வாயில் வர வேண்டியிருந்தது என்றும் சொல்லலாம். எல்லாம் சரிதான். ஆனால் பரிசுப்பொருளாக வந்த பெண்ணை எந்த நிமிடமும் வேறொருவருக்குக் கைமாற்றலாம். மொழிபெயர்ப்பாளரை இழக்க முடியாது. எனக்குத் தோன்றுவது இதுதான்: அவர் கற்றது ஒரு மொழியை அல்ல, தனக்கான ஒரு பாதுகாப்பை.

1520-ல் தன் அரசருக்கு எழுதிய கடிதத்தில் கோர்டெஸ் அவர் பெயரைக்கூடச் சொல்லவில்லை. தன் மொழிபெயர்ப்பாளர் ஒரு இந்தியப் பெண் என்பதோடு சரி. அதற்கு அன்றைய ஸ்பானிஷ் சொல் 'லெங்குவா', அதாவது நாக்கு! வணிகவியல் மாணவன் பாஷையில் சொன்னால், கம்பெனியின் மிகப் பெரிய சொத்து ஐந்தொகையில் பெயரே இல்லாமல் கிடந்தது. உள்ளூர் மக்கள்தான் மரியாதை கொடுத்தார்கள். நாவாட்டிலில் 'ர' ஒலி கிடையாது. அதனால் மரினா 'மலினா' ஆகி, நாம் 'ஆர்' சேர்ப்பதுபோல 'ட்சின்' என்ற மரியாதை விகுதி சேர்ந்து 'மலின்ட்சின்' ஆனது. அதை ஸ்பானியர்கள் 'மலின்ச்சே' என்றார்கள்.

1521 ஆகஸ்ட் 13-ல் அஸ்டெக் தலைநகரம் டெனோச்டிட்லான் விழுந்தது. இன்றும் மெக்சிகோவில் சொந்த நாட்டை விட அந்நியரை உயர்த்திப் பிடிப்பவரை 'மலின்ச்சிஸ்டா' என்று திட்டுகிறார்கள். அவரைத் துரோகி என்பவர்களிடம் ஒரு கேள்வி: தன்னை அடிமையாகக் கைமாற்றியவர்களில் யாருக்கு அவர் துரோகம் செய்தார்? அவரே எழுதிய ஒரு வரிகூட நமக்குக் கிடைக்கவில்லை. மூன்று மொழி பேசியவரின் சொந்தப் பேச்சு எதிலும் இல்லை.

மெல்ச்சோருக்கும் ஸ்பானிஷ் தெரிந்திருந்தது. அவர் அதைச் சட்டையோடு கழற்றி மாட்டிவிட்டுப் போனார். மலின்ட்சினுக்குத் தப்பி ஓடிப்போய்ச் சேர ஒரு ஊர் இல்லை.

என் புத்தகம் மேசை மேல்தான் இருக்கிறது. பிடிக்காவிட்டால் மூடி வைக்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள். மெதுவாகக் கற்க முடிவது எவ்வளவு பெரிய வசதி என்று இதைப் படித்த பிறகுதான் புரிந்தது. நேற்று மறுபடி முதல் பாடத்திலிருந்து ஆரம்பித்திருக்கிறேன். முப்பது நாள் கணக்கெல்லாம் இல்லை.